டிரெய்லர் பிரேக் பிடிக்கவில்லை, கன்ட்ரோலர் மாற்றியும் அதே கதை

இரட்டை_அச்சு

வணக்கம் நண்பர்களே. பிக்கப்பில் இரண்டு அச்சு டிரெய்லர் இழுக்கிறேன். நான்கு சக்கரத்திலும் 12 அங்குல எலெக்ட்ரிக் டிரம் பிரேக். காலியாகப் போகும்போது ஏதோ பிடிக்கிற மாதிரி இருக்கும். சுமை ஏற்றிவிட்டால் போதும், பிரேக் மிதிக்கும் ஒவ்வொரு முறையும் டிரெய்லர் பின்னாலிருந்து முட்டித் தள்ளுகிறது. இறக்கத்தில் இறங்கும்போது வயிற்றைப் பிசைகிறது.

பிக்கப்பிலிருந்து டிரெய்லர் பிரேக்குக்குக் கரண்ட் அனுப்பும் கன்ட்ரோலரில் கெயினை, அதாவது எவ்வளவு கரண்ட் போக வேண்டும் என்ற அளவை, கடைசி வரை ஏற்றிவிட்டேன். பலன் இல்லை. கன்ட்ரோலர்தான் போயிருக்கும் என்று நினைத்துப் புதிதாக ஒன்று வாங்கி மாட்டினேன். அதே கதை. போன வாரம் சக்கரத்துக்குப் பின்னால் பிரேக் வயரைக் கழற்றி மீட்டர் வைத்துப் பார்த்தேன். 12.4 வோல்ட் வருகிறது, அதனால் வயரிங் நன்றாகத்தான் இருக்கிறது.

இன்னொன்று. மேடு பள்ளத்தில் குலுங்கும்போது எப்போதாவது கன்ட்ரோலர் திரையில் ஓவர்லோட் என்று வந்து உடனே மறைந்துவிடுகிறது.

பிரேக்கை இயக்கும் மின்காந்தம், அதாவது மேக்னட், நான்கையும் ஆர்டர் போடப் போகிறேன். சரிதானே?

பட்டறை_அண்ணன்

தம்பி, ஆர்டரை நிறுத்தி வையுங்கள். நீங்கள் எழுதியதில் மேக்னட்தான் போயிருக்கிறது என்று சொல்ல ஒரு வரிகூட இல்லை.

முதலில் அந்த 12.4 வோல்ட். வயரைக் கழற்றிவிட்டு அளந்தீர்கள் என்றால் கரண்ட் எதுவும் ஓடாத நிலையில் அளந்திருக்கிறீர்கள். தோட்டத்துக் குழாயின் வாயைக் கட்டைவிரலால் மூடிப் பிடித்தால் விரலில் அழுத்தம் தெரியும். நடுவில் பைப் நசுங்கிக் கிடந்தாலும் அதே அழுத்தம்தான் தெரியும். விரலை எடுத்த பிறகுதானே தண்ணீர் எவ்வளவு வருகிறது என்று தெரியும்? வயரும் அப்படித்தான். முப்பது செம்பு இழையில் ஒன்றே ஒன்று மிச்சமிருந்தாலும் மீட்டர் 12.4 காட்டும். மேக்னட் 3 ஆம்பியர் கேட்கும்போதுதான் அந்த ஒற்றை இழையின் வண்டவாளம் தெரியவரும்.

இந்த பிரேக்குக்கு வேண்டியது ஆம்பியர். டிரம்முக்குள் ஒரு மின்காந்தம், டிரம்மின் உள்முகத்தில் உரசியபடி உட்கார்ந்திருக்கிறது. கரண்ட் வந்தால் சுற்றுகிற டிரம்மைப் பிடித்துக்கொண்டு கூடவே நகரப் பார்க்கும். அப்படி நகரும்போது தன்னோடு இருக்கும் லீவரை இழுக்கும், லீவர், டிரம்மை உள்ளிருந்து அழுத்திப் பிடிக்கும் ஷூவை விரிக்கும். கரண்ட் பாதியானால் காந்தத்தின் பிடியும் அதற்கேற்பக் குறைந்துவிடும்.

10, 12 அங்குல பிரேக்குகளின் மேக்னட் சுமார் 3.2 ஓம் இருக்கும். நான்கு மேக்னட்டுக்குச் சேர்த்து 12 ஆம்பியராவது ஓட வேண்டும், வயர் நன்றாக இருந்தால் 13 கூட வரும். டிசி அளக்கும் கிளாம்ப் மீட்டர் ஒன்று வாங்குங்கள் அல்லது இரவல் வாங்குங்கள். ஏசி மட்டும் அளக்கும் கிளாம்ப் இங்கே பூஜ்யம்தான் காட்டும், ஏமாந்துவிடாதீர்கள். இன்ஜினை ஓடவிட்டு, கெயினை முழுதாக வைத்து, கன்ட்ரோலரின் கை லீவரை ஒருவர் முழுதாகத் தள்ளிப் பிடிக்கட்டும். நீங்கள் டிரெய்லர் பிளக்குக்குப் பின்னால் பிரேக் வயரில் மட்டும் கிளாம்பை மாட்டிப் பாருங்கள். பெடலை மிதித்து அளக்காதீர்கள். வேகம் குறைவதை உணர்ந்து வேலை செய்யும் கன்ட்ரோலர், நின்ற வண்டியில் பெடலுக்குக் கொஞ்சம்தான் அனுப்பும்.

பிரேக் வயர் பெரும்பாலும் நீலம், எர்த் வெள்ளை. ஆனாலும் நிறத்தை மட்டும் நம்ப வேண்டாம். கை லீவரைத் தள்ளும்போது எதில் கரண்ட் வருகிறது என்று பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

நெடும்பயணி

நான் வேறு மாதிரி சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். ஷூ, மேக்னட், லீவர், ஸ்பிரிங் எல்லாம் சேர்த்துத் தட்டோடு முழு செட்டாகக் கிடைக்கிறது. நான்கு போல்ட் அல்லது ஐந்து போல்ட், இரண்டு வயர், முடிந்தது வேலை. டிரெய்லர் பழசு என்றால் ஒவ்வொன்றாகத் தேடி நேரத்தைக் கரைப்பதைவிட அது மேல். நான் அப்படித்தான் செய்தேன். அதற்குப் பிறகு இரண்டு வருடமாகத் தொந்தரவே இல்லை.

பட்டறை_அண்ணன்

நெடும்பயணி சார், முழு செட் நல்ல பொருள்தான். ஷூ தேய்ந்து, மேக்னட் தேய்ந்து, ஸ்பிரிங் துருப்பிடித்திருந்தால் நானும் அதைத்தான் போடச் சொல்வேன். வயரில் கோளாறு இருந்தால்? புது செட்டுக்கும் அதே பாதிக் கரண்ட்தானே போகும். தம்பி ஏற்கெனவே ஒரு கன்ட்ரோலருக்குச் செலவழித்துவிட்டார். அடுத்த செலவுக்கு முன்னால் ஒரு எண் தெரிந்துகொள்ளட்டும். அதுதான் நான் கேட்பது.

முழு செட் போடுகிற மற்றவர்களுக்கு ஒரு வார்த்தை. அதில் இடது, வலது உண்டு. நீளம் குறைந்த லைனிங் (உரசும் பட்டை) உள்ள ஷூ வண்டியின் முன்பக்கம் பார்த்து இருக்க வேண்டும். மாற்றி மாட்டினாலும் போல்ட் எல்லாம் பொருந்திவிடும், பிரேக் மட்டும் சரியாகப் பிடிக்காது.

இரட்டை_அச்சு

அண்ணே, அளந்துவிட்டேன். 5.7 ஆம்பியர். மூன்று முறை பார்த்தேன். ஒரு முறை டிரெய்லரைக் கொஞ்சம் அசைத்தபோது 7க்குப் போய்விட்டுத் திரும்பி வந்தது.

பட்டறை_அண்ணன்

பார்த்தீர்களா, வர வேண்டியதில் பாதிகூட இல்லை. அந்த அசைவுதான் இங்கே பெரிய தடயம்.

ஒரு கேள்வி. இரவில் பிரேக் மிதிக்கும்போது டிரெய்லரின் பின் விளக்கு மங்குகிறதா?

இரட்டை_அச்சு

ஆமாம் அண்ணே! கண்ணாடியில் பார்த்திருக்கிறேன். பிரேக் விளக்கு ஏறும்போது ஓரத்து விளக்குகள் எல்லாம் மங்கும். பல்பு பழசாகிவிட்டது என்று விட்டுவிட்டேன். இதையும் எழுதியிருக்க வேண்டும், தோன்றவில்லை.

பட்டறை_அண்ணன்

அப்படியானால் எர்த்தைப் பாருங்கள். விளக்குக்கும் பிரேக்குக்கும் பொதுவாக இருப்பது திரும்பிப் போகிற அந்த ஒரு வழிதான். அது அடைபட்டால் இரண்டும் சேர்ந்து தவிக்கும். டிரெய்லரை அசைத்தபோது கரண்ட் ஏறியதற்கும் காரணம் அதுவாகத்தான் இருக்கும். வெள்ளை வயரில் வழி கிடைக்காத கரண்ட், கொக்கியின் பந்து வழியாக பிக்கப்பின் பாடிக்குப் போகப் பார்க்கிறது. பந்தில் கிரீஸ் தடவியிருப்போம், அதனால் அந்த வழி ஒரு நேரம் கிடைக்கும், ஒரு நேரம் கிடைக்காது. ஒரு நாள் நன்றாகப் பிடித்து மறுநாள் பிடிக்காமல் போவது இப்படித்தான்.

உறுதி செய்ய ஒரு சோதனை. மீட்டரை டிசி வோல்ட்டில் வையுங்கள். ஒரு முனை பிக்கப் பாட்டரியின் நெகட்டிவில், நீள வயர் போட்டு. இன்னொரு முனை அச்சுக்குப் பக்கத்தில் டிரெய்லர் சட்டத்தில், பெயின்டைச் சுரண்டிய இடத்தில். இப்போது கை லீவரைத் தள்ளச் சொல்லுங்கள். எர்த் நன்றாக இருந்தால் அரை வோல்ட்டுக்குள் இருக்கும். அதற்கு மேல் எவ்வளவு காட்டுகிறதோ அவ்வளவும் உங்கள் பிரேக்கிலிருந்து பறிபோகிறது.

கரண்ட் ஓடிக்கொண்டிருக்கும்போதே அளக்க வேண்டும். இதை மட்டும் மறக்காதீர்கள்.

புதுக்கொக்கி

நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். எனக்குக் கை லீவரைத் தள்ளினால் டிரெய்லர் நன்றாகப் பிடிக்கிறது. பெடலை மிதித்தால் கன்ட்ரோலர் கண்டுகொள்ளவே இல்லை. இதுவும் எர்த்தா?

மின்கம்பி

இல்லை. கை லீவரில் பிடித்தால் டிரெய்லர் பக்கம் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். தனியாக வாங்கி மாட்டும் கன்ட்ரோலரில் நான்கு வயர் இருக்கும். கறுப்பு பாட்டரி, வெள்ளை எர்த், நீலம் டிரெய்லருக்குப் போவது, சிவப்பு பிரேக் விளக்கு சுவிட்சிலிருந்து வருவது. நீங்கள் மிதித்தது அந்தச் சிவப்பு வழியாகத்தான் கன்ட்ரோலருக்குத் தெரியும். பெடலுக்கு மேலே இருக்கும் சுவிட்ச், அதன் ஃப்யூஸ், சிவப்பு வயரின் இணைப்பு, இந்த மூன்றையும் பாருங்கள். பிக்கப்பின் பிரேக் விளக்கே எரியவில்லை என்றால் சுவிட்சிலிருந்து தொடங்குங்கள்.

இரட்டை_அச்சு

அண்ணே, 5.7 வோல்ட்! பாட்டரி நெகட்டிவுக்கும் டிரெய்லர் சட்டத்துக்கும் நடுவில். எண்ணைப் பார்த்து முதலில் நம்பவில்லை, மீட்டர் முனையை மாற்றிப் பிடித்து மறுபடி பார்த்தேன்.

முன் கொக்கிக்குப் பின்னால் ஒரு சின்னப் பெட்டி இருக்கிறது, எல்லா வயரும் அங்கே சேர்கிறது. அதற்கு அடியில் வெள்ளை வயர் ஒரு லக்கில் (வயர் முனையில் மாட்டும் உலோக வளையம்) அடித்து, சட்டத்தில் ஒரு போல்ட்டால் முடுக்கப்பட்டிருந்தது. வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை. நட்டைக் கழற்றி லக்கைத் தூக்கினேன். கீழே பெயின்ட் அப்படியே பளபளவென்று இருக்கிறது. பெயின்டின் மேலேயே வைத்து முடுக்கியிருக்கிறார்கள். போல்ட்டின் மரைகள் மட்டும்தான் இவ்வளவு நாளாக எர்த் கொடுத்திருக்கின்றன, அதுவும் இப்போது துரு. லக்குக்குள் நுழையும் இடத்தில் வயரின் உறையைக் கத்தியால் கீறிப் பார்த்தால், ஒரு விரல் நீளத்துக்குச் செம்பு முழுக்கக் களிம்பு ஏறிப் பச்சையாக இருந்தது. விரலால் நிமிண்டினேன், மாவு மாதிரி உதிர்ந்தது.

நல்ல செம்பு வரும்வரை வெட்டி, புது லக் போட்டு அழுத்தி, மேலே பசை உள்ள சுருங்கு குழாய் போட்டுச் சூடு காட்டினேன். சட்டத்தை உப்புத்தாள் போட்டு வெள்ளை இரும்பு தெரியும்வரை தேய்த்தேன். முடுக்கிய பிறகு மேலே கிரீஸ் பூசிவிட்டேன்.

இப்போது அதே சோதனையில் 0.4 வோல்ட். ஆம்பியர் 10.3.

பட்டறை_அண்ணன்

அருமை. ரொம்ப சந்தோஷம் தம்பி. ஆனால் 10.3ல் நிற்கக் கூடாது. கணக்கைப் பாருங்கள். ஒரு மேக்னட்டுக்கு 3.4 என்றால் மூன்று மேக்னட்டுக்கு 10.3 சரியாக வருகிறது. நான்காவது சக்கரத்துக்குக் கரண்டே போகவில்லை என்று தோன்றுகிறது. குலுங்கும்போது ஓவர்லோட் வருகிறது என்றீர்களே, அதுவும் இன்னும் தீரவில்லை.

ஒவ்வொரு சக்கரத்தின் வயரிலும் கிளாம்பை மாட்டிப் பாருங்கள். மூன்று சக்கரம் சுமாராக ஒரே எண் காட்டும், ஒன்று காட்டாது.

மின்கம்பி

மீட்டர் இல்லாதவர்கள் இதைப் படித்தால் அவர்களுக்கு ஒரு வழி. ஒரு திசைகாட்டியை டிரம்முக்குப் பக்கத்தில் பிடித்து, உள்ளே ஒருவரைக் கை லீவரைத் தள்ளச் சொல்லுங்கள். காந்தம் வேலை செய்கிற சக்கரத்தில் முள் திரும்பும். எவ்வளவு கரண்ட் என்று அது சொல்லாது, இருக்கிறதா இல்லையா என்பதை மட்டும் சொல்லும். ஓட்டிவிட்டு வந்து நான்கு டிரம்மின் சூட்டையும் இன்ஃப்ராரெட் தெர்மோமீட்டரில் ஒப்பிடுவதும் நல்ல சோதனை. ஒன்று மட்டும் குளிர்ந்திருந்தால் அது பிடிக்கவில்லை. ஒன்று மட்டும் கொதித்தால் அது விடாமல் உரசுகிறது, அல்லது அங்கே பேரிங் போகிறது.

இரட்டை_அச்சு

வலது பின்சக்கரம். பூஜ்யம். மற்ற மூன்றும் 3.4, 3.4, 3.5.

அந்த மேக்னட்டின் இரண்டு வயரையும் பிரித்து ஓம் பார்த்தேன். மீட்டர் முனைகளை ஒன்றோடு ஒன்று தொட்டால் 0.3 காட்டுகிறது, அதைக் கழித்தால் மேக்னட் 3.3 ஓம். வயருக்கும் மேக்னட்டின் உடம்புக்கும் நடுவில் தொடர்பே இல்லை. அப்படியானால் மேக்னட் நன்றாக இருக்கிறது, சரிதானே?

பட்டறை_அண்ணன்

மேக்னட் நன்றாகவே இருக்கிறது. நான்கு வாங்கியிருந்தால் நான்கும் வீண்.

இடதிலிருந்து வலதுக்கு வயர் எப்படிப் போகிறது? அச்சுக் குழாய்க்குள் நுழைந்து மறுபக்கம் வெளியே வருகிறதா? வருகிறது என்றால் கோளாறு குழாய்க்குள் இருக்கிறது என்று பந்தயமே கட்டுவேன். வயர் உள்ளே தொளதொளவென்று கிடக்கும். வண்டி ஓடும் ஒவ்வொரு நொடியும் இரும்பில் உரசும். உறை தேய்ந்து செம்பு குழாயைத் தொட்டால் ஷார்ட், உங்கள் ஓவர்லோட் அதுதான். தொட்டுத் தொட்டுத் தீப்பொறியில் இழை ஒவ்வொன்றாக அறுந்து கடைசியில் தொடர்பே போய்விடும்.

இரட்டை_அச்சு

அப்படியே சொன்னீர்கள் அண்ணே.

இடப்பக்க முனையில் வயரை வெட்டி, வலப்பக்கத்திலிருந்து மெதுவாக இழுத்தேன். முதல் இரண்டு அடி சுத்தமாக வந்தது. அப்புறம் துருத்தூளோடு வந்தது. அச்சின் நடு வளைவு இருக்கும் இடத்தில் உறை ஒரு பக்கம் மட்டும் தட்டையாகத் தேய்ந்திருக்கிறது, கத்தியால் சீவியது போல. அங்கே செம்பு கறுத்து, நுனிகள் உருண்டு சின்னச் சின்ன மணிகளாக இருக்கின்றன. இரண்டு இழைதான் தொட்டும் தொடாமலும் நின்றிருக்கும், நான் இழுத்ததில் அதுவும் விட்டுவிட்டது.

இதைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு இந்த டிரெய்லரோடு இறக்கம் இறங்கியிருக்கிறேன்.

புது வயரை மறுபடி குழாய்க்குள் விடலாமா, வெளியே கொண்டுபோகலாமா?

நெடும்பயணி

வெளியே வேண்டாம், கல் அடித்து அறுத்துவிடும். உள்ளேயே விட்டு, நுழையும் துளையில் ரப்பர் வளையம் போடுங்கள்.

பட்டறை_அண்ணன்

ரப்பர் வளையம் துளையின் விளிம்பை மட்டும்தான் காக்கும். இவருடைய வயர் தேய்ந்தது நடுவில். நான் எப்போதும் வெளியேதான் கொண்டுபோவேன், அச்சின் பின்பக்கமாக, நெளிகுழாய்க்குள் போட்டு, ஒரு சாண் இடைவெளிக்கு ஒரு பட்டை கட்டி. முன்னாலிருந்து வரும் கல்லுக்கு அச்சே மறைப்பு. அடிபட்டாலும் குனிந்து பார்த்தால் கண்ணுக்குத் தெரியும். குழாய்க்குள் நடப்பது யாருக்குத் தெரியும்? உள்ளேதான் விட வேண்டும் என்றால் வயரை முழு நீளத்துக்கும் உறைக்குழாய்க்குள் போட்டு, ஆடாதபடி இறுக்கமாக விடுங்கள்.

இணைப்புகளில் வயரை உறையோடு கடித்துப் பிடிக்கும் பிளாஸ்டிக் கிளிப் வேண்டவே வேண்டாம். தண்ணீர் புகுந்து களிம்பு ஏறுவதற்கு அதைவிட வசதியான இடம் இல்லை.

மேக்னட் வயரில் பாசிட்டிவ் நெகட்டிவ் பேதம் இல்லை, எதை எதோடும் சேர்க்கலாம். சக்கரத்தைத் தூக்கும்போது மற்ற சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, ஜாக்கியோடு ஸ்டாண்டும் போடுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பிக் கீழே போகாதீர்கள். தூக்கியதோடு தூக்கியதாக டிரம்மையும் கழற்றிப் பாருங்கள்.

இரட்டை_அச்சு

வெளியேதான் கொண்டுபோனேன், நெளிகுழாயோடு. நான்கு டிரம்மையும் கழற்றினேன். மூன்று நன்றாக இருக்கின்றன. மேக்னட் முகம் சமமாகத் தேய்ந்திருக்கிறது, உள்ளே இருக்கும் கம்பிச்சுருள் எங்கும் வெளியே தெரியவில்லை.

இடது முன்சக்கரத்தில் மட்டும் கிரீஸ். ஷூ இரண்டும் ஊறிக் கறுத்துப்போயிருக்கின்றன. ஆயில் சீலின் உதடு ஒரு இடத்தில் மடங்கியிருக்கிறது. போன வருடம் கிரீஸ் கன்னை வைத்து அழுத்தோ அழுத்து என்று அழுத்தியது நான்தான். ஷூவைக் கழுவிப் போடலாமா?

பட்டறை_அண்ணன்

கழுவக் கூடாது. லைனிங் கிரீஸைக் குடித்துவிட்டது. எவ்வளவு கழுவினாலும் சூடு ஏறும்போது மறுபடி கசியும். ஷூவை அந்த அச்சின் இரண்டு பக்கமும் சேர்த்து மாற்றுங்கள். ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் டிரெய்லர் ஒரு பக்கம் இழுக்கும். புது சீல் போடுங்கள். டிரம்மையும் மேக்னட் முகத்தையும் பிரேக் கிளீனரால் துடைத்தால் போதும். இனி கிரீஸ் அடிக்கும்போது சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே மெதுவாக அடியுங்கள்.

மூடிய பிறகு அட்ஜஸ்ட் செய்ய வேண்டும். தானாக அட்ஜஸ்ட் ஆகும் வகை இல்லையென்றால் பின்தட்டில் இருக்கும் நீளத்துளை வழியாக ஸ்டார் வீலைத் (ஷூவின் இடைவெளியை மாற்றும் பல்சக்கரம்) திருப்புங்கள். சக்கரத்தைக் கையால் சுற்றவே கஷ்டமாகும்வரை இறுக்கி, அப்புறம் லேசாக உரசும் சத்தத்தோடு தாராளமாகச் சுற்றும்வரை தளர்த்துங்கள். புது ஷூ என்றால் முதல் 320 கிலோமீட்டரில் ஒரு முறை, பிறகு சுமார் 4,800 கிலோமீட்டருக்கு ஒரு முறை பார்க்க வேண்டும். ஷூ தேயத் தேய இடைவெளி கூடும், லீவர் தன் எல்லைவரை போய் நின்றுவிடும். அப்போது எத்தனை ஆம்பியர் கொடுத்தாலும் பிடிக்காது. வயரிங் நன்றாக இருந்தும் பிரேக் மந்தமாக இருக்கிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

இரட்டை_அச்சு

எல்லாம் முடித்து நேற்று மாலை அளந்தேன். 13.2 ஆம்பியர். ஒவ்வொரு சக்கரமும் 3.3.

வெறிச்சோடிய சமதளச் சாலையில் முதல் முறை பெடலை மிதித்தேன், டிரெய்லர் நான்கு சக்கரமும் பூட்டிக்கொண்டு கிறீச்சென்று சத்தம் போட்டது! கெயின் இன்னும் கடைசிப் புள்ளியில் இருந்ததை மறந்துவிட்டேன்.

மின்கம்பி

கெயினைக் குறைந்த எண்ணிலிருந்து புதிதாக வையுங்கள். காய்ந்த சமதளச் சாலையில் 40 கிலோமீட்டர் வேகத்தில் கை லீவரை முழுதாகத் தள்ளுங்கள். டிரெய்லர் நன்றாக இழுத்துப் பிடிக்க வேண்டும், சக்கரம் பூட்டக் கூடாது. பூட்டும் இடத்துக்குக் கொஞ்சம் கீழே வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு முன்னால் லேசான பிரேக் இருபது முப்பது போட்டுப் புது ஷூவைப் படியவிடுங்கள், பிடி இன்னும் கூடும். காலிக்கும் சுமைக்கும் ஒரே எண் பொருந்தாது. சுமை ஏற்றிய பிறகு ஒரு முறை சரிபாருங்கள்.

பட்டறை_அண்ணன்

இன்னும் ஒன்று பாக்கி, தம்பி. கொக்கி கழன்றால் தானாக பிரேக் போடும் அந்த இழுப்புச் சுவிட்சு. டிரெய்லரின் சொந்த பாட்டரியில் ஓடுவது அது. சோதிக்கும் முன் டிரெய்லர் பிளக்கை பிக்கப்பிலிருந்து கட்டாயம் பிடுங்கிவிடுங்கள். இல்லையென்றால் அந்தக் கரண்ட் பின்பக்கமாகக் கன்ட்ரோலருக்குள் போகலாம். அந்தச் சுவிட்சில் செருகியிருக்கும் பின்னை இழுத்துவிட்டு பிக்கப்பை மெதுவாக நகர்த்துங்கள். டிரெய்லர் இழுத்துப் பிடிக்க வேண்டும். பார்த்ததும் பின்னை உடனே திரும்பச் செருகிவிடுங்கள், நேரம் போனால் பாட்டரி இறங்கும், மேக்னட் சூடாகும்.

இரட்டை_அச்சு

செய்தேன் அண்ணே. பிளக்கைப் பிடுங்கிவிட்டு இழுத்தேன். முதல் தடவை ஒன்றுமே நடக்கவில்லை, டிரெய்லர் பாட்டுக்கு உருண்டு வந்தது. பாட்டரியில் 9 வோல்ட்தான். புது பாட்டரி போட்டு மறுபடி இழுத்தேன். டிரெய்லர் அசையாமல் நின்றது, பிக்கப்பின் பின்புறம் லேசாகத் தாழ்ந்தது.

நெடும்பயணி சார், அந்த அறுந்த வயர்த் துண்டைப் படம் எடுத்து இங்கேயே போடுகிறேன். உங்கள் டிரெய்லரிலும் வயர் குழாய்க்குள் போகலாம். அடுத்த பயணத்துக்கு முன்னால் ஒரு முறை கிளாம்ப் போட்டுப் பாருங்கள்.

நெடும்பயணி

படத்தைப் பார்த்தேன் தம்பி. மீட்டர் சொல்லிவைத்திருக்கிறேன், ஞாயிற்றுக்கிழமை அளந்துவிட்டு எண்ணை எழுதுகிறேன்.